எடைக்கு வராத சாமான்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் கடைக்காரரின் கை முதலில் அதைத் தூக்கித்தான் பார்க்கும். பித்தளை அண்டாவா, கிலோக் கணக்கு. தேக்கு நிலையா, கன அடிக் கணக்கு. எனாமல் தூக்கா, கவிழ்த்து அடியில் எந்த நாட்டு முத்திரை என்று தேடுவார்கள். போன மாதம் நான் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை ஒரு பெரியவர் உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை தூக்கிப் பார்த்தார். "எடைக்கு வராதேண்ணே" என்றார். பிறகு கேட்டார்: "ஓடுதா?"

அது ஒரு வீடியோ கேம். சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் அகலம், சீட்டுக்கட்டைவிட மெல்லிசு. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1981-ல் வெளியிட்டது. 'கேம் அண்ட் வாட்ச்' என்ற வரிசையில் 'பாராசூட்' என்று பெயர். மேலே ஒரு ஹெலிகாப்டர்; அதிலிருந்து ஆட்கள் பாராசூட்டில் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். கீழே கடலில் ஒரு படகு. அதை இடமும் வலமும் நகர்த்தி, இறங்குகிறவர்களைத் தாங்க வேண்டும். விட்டால் சுறா. மூன்று பேரை விட்டால் ஆட்டம் முடிந்தது. வேறு கதை, கட்டம், ராஜகுமாரி எதுவும் கிடையாது.

விற்கப் போகவில்லை. இதைப்போல வேறு ஏதாவது எப்போதாவது அந்தத் தெருவுக்கு வந்ததுண்டா என்று கேட்கப் போனேன். கடையில் எனாமல் கிண்ணங்கள், பீங்கான் ஜாடிகள், ரவிவர்மா படங்கள், மரப்பாச்சிகள், சாவி தொலைந்த பூட்டுகள், பூட்டு தொலைந்த சாவிகள் என்று கூரைவரை அடுக்கியிருந்தது. மீன் வடிவத்தில் மடங்கும் மரப் பல்லாங்குழி ஒன்றும் கிடந்தது. கையோடு எடுத்துப்போகிற ஆட்டச் சாமான் என்று பார்த்தால் இந்தச் சீமையில் அதுதான் மூத்தது. அதற்கு செல் போடவும் வேண்டாம்.

"ஒரு வீட்டைக் காலி பண்றாங்கன்னா, எங்களைக் கூப்பிடறதுக்கு முந்தியே பிளாஸ்டிக் எல்லாம் குப்பைக்குப் போயிடும்ணே. அதுக்கப்புறம் மிஞ்சறதுதான் எங்க கைக்கு வருது" என்றார் பெரியவர்.

இது இங்கே ஏன் கண்ணில் படுவதில்லை என்று நான் பல நாளாக யோசித்துக்கொண்டிருந்ததற்கு இதுதான் பதில். கேம் அண்ட் வாட்ச் உலகத்தில் அரிய பொருளே இல்லை. 1980 முதல் 1991 வரை மொத்தம் 4 கோடியே 34 லட்சம் விற்றதாக நிண்டெண்டோ கணக்கு. ஜப்பானிலோ அமெரிக்காவிலோ தேடினால் கிடைக்கும். செட்டிநாட்டில் கிடைக்காது. வந்தது கொஞ்சம், வந்ததில் பெரும்பாலானவை செல் தீர்ந்த அன்றே பரணுக்கும், பரண் கூட்டிய அன்று குப்பைக்கும் போயின. ஒரு பொருளை எத்தனை செய்தார்கள் என்பதைவிட எத்தனை பேர் எறியாமல் விட்டார்கள் என்பதுதான் அதை அரிதாக்குகிறது. பித்தளைக்கு உருக்கு விலையாவது உண்டு, அதனால் பிழைத்துக்கொள்கிறது. எடைக்கு வராத சாமானை யாராவது வேண்டுமென்றே வைத்திருந்தால்தான் உண்டு.

எங்கள் பூர்வீக வீட்டில் யாரும் வேண்டுமென்று வைத்திருக்கவில்லை. மறந்துபோய் வைத்திருந்தோம்.

செட்டிநாட்டு வீட்டை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு முகப்பும், வளவு என்கிற நடுமுற்றமும், பர்மா தேக்குத் தூணும்தான் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அது அறைகளின் தொகுப்பு. கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு குடும்பம். வளவைச் சுற்றியிருக்கும் அறைகளில் ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் ஒன்று. அந்த அறை படுக்க அல்ல, சாமான் வைக்க. பெண் பிறந்ததுமே பாத்திரம் சேர்க்கத் தொடங்கி, கல்யாணத்தில் பரப்பிக் காட்டி, எண்ணி, நோட்டில் எழுதி, விலாசம் (பெயர் எழுத்துகள்) வெட்டி உள்ளே அடுக்கிப் பூட்டினால் பிறகு அடுத்த விசேஷத்துக்குத்தான் திறப்பார்கள். வெளிநாட்டுச் சாமானுக்கும் அதே மரியாதை. ஸ்வீடன் எனாமல், பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி சலவைக்கல், ஜப்பானிலிருந்து வந்த பூ ஓடுகள்: இவை கப்பலேறி வந்து இரண்டு மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கின்றன. ஜப்பான் பொம்மைக்கு முன்னால் ஜப்பான் ஓடு இந்தச் சுவர்களுக்கு வந்துவிட்டது.

பர்மா வட்டிக் காசில் வந்த அந்த வரவு, 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததோடு நின்றது. கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால்பங்கு 1930-களின் கடைசியில் செட்டியார்கள் பெயரில் இருந்தது. விலை விழுந்து, கடன் கட்ட முடியாமல் விவசாயிகள் விட்ட நிலங்கள். அதெல்லாம் கைவிட்டுப் போனது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காகச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969-ல் கடைகள் போட்டுக் கொடுத்தார்கள். அதுதான் பர்மா பஜார். 80-களில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் கையில் வெளிநாட்டு வீடியோ கேம் இருந்தால், அது அங்கே வாங்கியதாக இருக்கும், இல்லையென்றால் சிங்கப்பூர் பெட்டியில் வந்ததாக இருக்கும்.

எங்களுடையது பெட்டியில் வந்தது. சிங்கப்பூரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியப்பா, எம்.வி. சிதம்பரம் கப்பலில் சென்னை வந்து இறங்கினார். (அந்தக் கப்பல் 1985 தீ விபத்தோடு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. அதில் வந்தவர்கள் இன்னும் அதைச் சொந்தக்கார வீடு மாதிரிப் பேசுவார்கள்.) கோடாலித் தைலம், டூ இன் ஒன், நைலெக்ஸ் சேலை, நடுவில் துணி சுற்றி இது. வீட்டுப் பெரியவர் ஐயா கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது என்னப்பா?"

"கடிகாரம்ய்யா. அலாரம் அடிக்கும்."

பொய் இல்லை. பின்னால் இருக்கும் கம்பியை நிமிர்த்தினால் மேஜைமேல் நிற்கும், நேரம் காட்டும், அலாரமும் உண்டு. நிண்டெண்டோ இதைக் கடிகாரமாகவும் செய்ததற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். எங்கள் வீட்டில் அது உள்ளே நுழைய அந்தக் கடிகாரம்தான் அனுமதிச் சீட்டு. வளவில் ஏழு பிள்ளைகள், கடிகாரம் ஒன்று. மூன்று சுறா வரைக்கும் ஒருவர் முறை. ஆட்டத்தைவிட, அடுத்தவன் ஆட்டத்தை எட்டிப் பார்த்ததுதான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது.

இதைச் செய்தவர் பெயர் கும்பெய் யோகோய். 1965-ல் நிண்டெண்டோவில் சேர்ந்தபோது அவருக்குச் சீட்டு அச்சடிக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கியோட்டோவில் 1889-ல் தொடங்கிய அந்த நிறுவனம் அடிப்படையில் சீட்டுக்கட்டுக் கம்பெனி. புல்லட் ரயிலில் அலுவலகத்து ஆள் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் இந்த யோசனை வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அப்போது ஷார்ப், காசியோ நிறுவனங்களின் போட்டியில் கால்குலேட்டர் விலை அடிமட்டத்துக்கு வந்திருந்தது. அதன் எல்.சி.டி. திரையும் சிப்பும் மலிவு. புதுசாக எதையும் கண்டுபிடிக்காமல், பழகிப்போய் விலை குறைந்த தொழில்நுட்பத்தை எடுத்து வேறு இடத்தில் போட்டார். வாழ்நாள் முழுக்க அதுதான் அவர் வழி.

அந்த எல்.சி.டி.யைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்போதைய திரைபோல இதில் புள்ளிகள் கிடையாது. படகு நிற்கக்கூடிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு படகு, ஆள் இறங்கும் ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆள் என்று எல்லா உருவங்களும் கண்ணாடிக்குள் முன்கூட்டியே பதிந்திருக்கும். மின்சாரம் பாயும் உருவம் கறுக்கும், மற்றவை மறையும். செல் இல்லாத இயந்திரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இறங்கப்போகிற எல்லோரும், கடித்துத் தின்னக் காத்திருக்கிற எல்லாச் சுறாக்களும் ஒரே நேரத்தில் மங்கலாகத் தெரிவார்கள். பூட்டிக் கிடக்கிற எங்கள் வளவில் மத்தியானம் உட்கார்ந்து அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போனது தெரியவில்லை.

யோகோய் அடுத்துச் செய்தது உலகம் அறிந்த கேம் பாய். 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் வந்தது. அதே ஆண்டு வந்த அடாரி லிங்க்ஸில் வண்ணத்திரை, அடுத்த ஆண்டு வந்த சேகா கேம் கியரிலும் வண்ணத்திரை. கேம் பாயின் திரையோ பாசிபிடித்த குளம் மாதிரி ஒரு பச்சை, வெளிச்சமும் இல்லை. ஆனால் நான்கு பென்சில் செல்லில் பத்துப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கேம் கியருக்கு ஆறு செல் போட்டும் ஐந்து மணி நேரம் தாண்டாது. பிள்ளைக்கு செல் வாங்கிக் கொடுக்கும் அப்பாவின் மனம் தெரிந்தவர் யோகோய். வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் சிக்கி முகம் உருகிய ஒரு கேம் பாயைப் பல ஆண்டுகள் நியூயார்க்கில் நிண்டெண்டோவின் கடையில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஓடியது. அதைத்தான் எல்லோரும் படம் எடுத்தார்கள்.

நம் ஊருக்குக் கேம் பாய் வந்ததைவிட அதன் ஏழைத் தம்பி அதிகம் வந்தான். 90-களில் கொப்புடையம்மன் திருவிழாக் கடையில் பலூனுக்கும் பஞ்சுமிட்டாய்க்கும் நடுவில் தொங்கிய '9999 இன் 1'. செங்கல் செங்கலாக மேலிருந்து விழும் அதே ஆட்டம். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் எழுதிய டெட்ரிஸின் பெயர் சொல்லாத வாரிசு. பத்தாயிரத்துக்கு ஒன்று குறைவாக ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். ஆடிப் பார்த்தால் சில ஆட்டங்கள்தான், மற்றதெல்லாம் அதே ஆட்டம் வேறு வேகத்தில். லட்சக்கணக்கில் விற்ற சாமான். இன்று ஓடுகிற பழையது ஒன்றைக் காரைக்குடியில் தேடிப் பாருங்கள்.

உண்மையிலேயே கிடைக்காத ஒன்றைக் கையில் பிடித்தது ஒரே ஒரு முறை. டோக்கியோவில் வேலை பார்க்கும் எங்கள் மாப்பிள்ளை ஒருவர் கல்யாணத்துக்கு வந்தபோது கொண்டுவந்தார். வொண்டர்ஸ்வான். யோகோய் 1996-ல் நிண்டெண்டோவை விட்டு விலகித் தனியாகத் தொடங்கிய கோட்டோ நிறுவனம் பண்டாய்க்காக வடிவமைத்தது. 1997 அக்டோபர் 4 அன்று சாலை விபத்தில் அவர் இறந்துபோனார். கருவி 1999 மார்ச்சில் வந்தது. ஜப்பானோடு சரி, வெளிநாடுகளுக்கு விற்பனைக்குப் போகவில்லை. குறுக்கேயும் பிடித்து ஆடலாம், நெடுக்கேயும் பிடித்து ஆடலாம். அதோடு வந்த புதிர் ஆட்டத்துக்கு அவர் நினைவாக 'கும்பெய்' என்றே பெயர். போடுவது ஒரே ஒரு பென்சில் செல். பந்தியில் இலை போடும்வரை நான் அதைக் கொடுக்கவில்லை. "மாமா, அது எனக்கும் ஒண்ணுதான் இருக்கு" என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று.

இந்த வரத்து இன்றும் அப்படியேதான். 2017-ல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் இந்தியாவில் முறையான அறிமுகம் இல்லாமல் வந்தது, 2022-ல் வந்த ஸ்டீம் டெக்கும் அப்படியே. பையன்கள் கையில் எப்படியோ இருக்கிறது. கப்பலுக்குப் பதில் திருச்சி விமான நிலையம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாங்குவது கதையின் சின்னப் பகுதி. வைத்திருப்பதுதான் பாடு.

அறையைத் திறந்து தகரப் பெட்டிக்குள் பாராசூட்டைக் கண்டெடுத்தபோது செல் அறையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கடைசியாக ஆடியவர் செல்லைக் கழற்றவில்லை. யார் என்று ஏழு பேருக்கும் தெரியும், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அல்கலைன் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காலப்போக்கில் அது கசிந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகிறது. செம்பில் பட்ட இடம் பச்சையாகிறது. அது காரம் என்பதால் மருந்து புளிப்பு. அடுப்படியில் இருந்த வினிகரில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் தொட்டேன், மெல்லிசாக நுரைத்தது. பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காயவிட்டேன். அரித்துப்போன தகடு ஒன்றைச் செல்போன் சர்வீஸ் கடையில் ஈயம் வைத்துச் சரிசெய்து கொடுத்தார்கள். பையன் காசு வாங்கவில்லை, ஒரு ஆட்டம் கேட்டான்.

திரைதான் அடுத்த நோவு. கண்ணாடியின் முன்னும் பின்னும் ஒளியை ஒழுங்குபடுத்தும் மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். அயோடின் ஏற்றிய பிளாஸ்டிக் அது. வெக்கையும் ஈரமும் அதற்கு ஆகாது. செட்டிநாட்டு வெயிலில் நாற்பது வருஷம். ஓரத்தில் தேன் சிந்தியதுபோல் கறை. சுரண்டி எடுத்துப் புதுப் படலம் வெட்டி ஒட்டலாம் என்கிறார்கள். எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. கண்ணாடி விரிசல் விட்டால் மாற்றுக்கு எங்கே போவது?

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பேட்டரியால் செத்த பொம்மையை நான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடம், இந்தியாவின் பேட்டரி ஊர். தன் செல்வத்தைக் கல்விக்குக் கொட்டிய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் திறப்பு. ஊரில் 'செக்ரி' என்றால்தான் தெரியும். லித்தியம் அயான் செல்லை உள்நாட்டிலேயே செய்யும் தொழில்நுட்பத்துக்காக 2018-ல் ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது இந்த ஆய்வகம்தான். பேட்டரி ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் புதுப்பொருளைச் சோதிக்க முதலில் செய்து பார்ப்பது நாணய வடிவச் சின்ன செல். பழைய கேம் பாய் கேசட்டுக்குள் நாம் விட்ட இடத்தை ஞாபகம் வைத்திருப்பதும் அதே குடும்பத்து நாணய செல்தான். அது தீர்ந்தால் பிள்ளை மாதக்கணக்கில் வளர்த்த போகிமான் எல்லாம் ஒரே ராத்திரியில் போய்விடும். தீர்வதற்குள் மாற்ற வேண்டும், மாற்றினாலும் பழைய கணக்கு அழியும். வட்டிக்கடைக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது.

கேசட்டாவது பரவாயில்லை. காசு கொடுத்து இறக்கிய ஆட்டங்களின் கதி அதைவிட மோசம். நிண்டெண்டோ 3டி.எஸ். கருவிக்கான இணையக் கடையை 2023 மார்ச் 27 அன்று மூடினார்கள். அன்றுவரை வாங்காத ஆட்டத்தை இனி அங்கே வாங்க வழியில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 2010-க்கு முன் அங்கே வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று முறையாக விற்பனையில் இல்லை என்று கண்டார்கள். அவற்றில் பிழைத்திருப்பவை யாராவது ஒருவரின் அலமாரியில், பரணில், அறையில் கிடக்கின்றன. எங்கள் பக்கத்து ஆச்சிமார் எதற்கெடுத்தாலும் "கெடக்கட்டும், இருந்துட்டுப் போகுது" என்பார்கள். சிறுவயதில் எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. இப்போது அந்த வார்த்தையை நானே அடிக்கடி சொல்கிறேன்.

கடைக்காரப் பெரியவரிடம் அன்று "ஓடுது" என்று சொல்லி, ஊக்கு முனையால் சின்னப் பொத்தானை அழுத்தி, ஆடிக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவரும் ஆடினார். ஆறு பேரைக் காப்பாற்றினார். ஏழாவது ஆள் போனதும் 'ச்சே' என்று கையை உதறினார். வாசலில் வெளிநாட்டுப் பயணிகள் இருவர் பல்லாங்குழிக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றார்கள். "ஒரு நிமிஷம்" என்று அவர்களிடம் விரலைக் காட்டினார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திருப்பிக் கொடுக்கும்போது, "வித்தா என்ன விலைன்னு எனக்குத் தெரியாதுண்ணே. கேக்கறதுக்கு ரெண்டு பேர் வேணும்ல" என்றார்.

விற்பதாக இருந்தாலும் என்னால் விற்க முடியாது. பெரியப்பா அதை யாருக்கென்று கொண்டுவந்தார் என்பது இன்னும் தீரவில்லை. பெட்டியைத் திறந்த அன்று 'பிள்ளைகளுக்கு' என்றுதான் சொன்னாராம். பெயர் சொல்லவில்லை. ஏழு பேரில் இருவர் சிங்கப்பூர், ஒருவர் நியூஜெர்சி, ஒருவர் கோவை, மற்ற மூவர் சென்னை. ஓடுகிற வீடியோவைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டதும், வீட்டு ஓட்டை மாற்றப் பணம் கேட்டபோது பேசாதவர்கள் எல்லாம் பேசினார்கள். முன்னோர்களுக்குப் படைக்கிற படைப்புக்கு வீட்டில் கூடியபோது நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். பங்காளிகள் முன்னால் சாமானை எண்ணி எழுதுகிற நோட்டு. வெண்கலப் பானை 4, எனாமல் தட்டு ஸ்வீடன் 22, ஜப்பான் பீங்கான் 9 என்று வந்துகொண்டிருந்தது. இது பொதுச் சாமானா, ஒருவருடைய சாமானா என்று கால்மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் கோயில் முறை மாதிரி வருஷத்துக்கு ஒருவர் வைத்துக்கொள்வது என்று ஆனது. செல்லைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அது யாரைக் குறித்துப் போட்டது என்று எல்லோருக்கும் தெரிந்ததால் ஒரே சிரிப்பு.

தம்பி எழுதினான். கையெழுத்து அப்படியே ஐயா கையெழுத்து.

"கேம் கடிகாரம், ஜப்பான் – 1. ஓடுகிறது."